சாவு மேளத்துக்கு நடந்தவர்

"ஏய் வச்சலா, கதவைச் சாத்துடி. எடுத்துட்டாங்க."

எதிர்வீட்டு ஜெகதாம்பாள் இதைச் சொல்லிவிட்டுத் தன் கதவைச் சாத்திக்கொண்டாள். சின்னப்பொண்ணு கிழவியின் பாடை தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. பாடை கடந்து போகிற வரைக்கும் எந்த வீட்டுக் கதவும் திறந்திருக்கக் கூடாது என்பது அந்தக் குப்பத்து வழக்கம். திருவிடந்தைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் நான்கே தெருக்கள். மேளச் சத்தம் நெருங்க நெருங்கத் தாழ்ப்பாள்கள் விழும் சத்தமும் கூடவே வந்தது.

வச்சலாவால் மட்டும் சாத்த முடியவில்லை. நிலைப்படியில் அவள் புருஷன் பக்தவச்சலம் நின்றார். நின்றார் என்பதுகூடச் சரியில்லை, ஒட்டிக்கொண்டிருந்தார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் படிமேல். கால் மணி நேரமாக அப்படியேதான்.

"உள்ளயாவது வாய்யா, வெளியவாவது போ."

"போவணும்னுதான் பாக்குறேன். காலு எங்க வருது."

"மனசுல ஒண்ணு ரெண்டு எண்ணிகினே காலைத் தூக்குன்னு ஆஸ்பத்திரில சொல்லிச்சே அந்தப் பொண்ணு."

"ஒண்ணு எண்ணிட்டேன். ரெண்டு வர மாட்டேங்குது."

மூன்று வருஷமாக நடுக்குவாதம். கை நடுங்கியது முதலில். அப்புறம் எழுத்துச் சிறுத்தது, குரல் சிறுத்தது, அப்புறம் நடை. கடலில் முப்பத்தைந்து வருஷம் படகோட்டியவருக்கு வீட்டுக்குள் வாசற்படி தாண்ட முடியவில்லை. வெட்டவெளியில் நான்கைந்து எட்டு வைப்பார். கதவு, சந்து, கூட்டம் எது குறுக்கே வந்தாலும் பாதம் தரையோடு ஒட்டிக்கொள்ளும். ஆவணியில் அப்படி நின்று முகம் குப்புற விழுந்ததில் முன்பல் இரண்டு போனது.

மேளம் வீட்டெதிரே வந்தது. திருப்போரூர்க்காரர்கள் ஐந்து பேர். ஏழு சின்ன அடி, எட்டாவதாக ஒரு பெரிய அடி. சட்டி மேளம் அதிரும்போது நிலைப்படிக் கட்டையும் அதிர்ந்தது. வச்சலா புருஷனின் கண்ணை மூடக் கையை நீட்டினாள். நோயாளி பாடையைப் பார்க்கக் கூடாது.

கை எட்டுவதற்குள் அவர் அங்கே இல்லை.

படியிறங்கித் தெருவில் நடந்துகொண்டிருந்தார். பாதத்தைத் தரையில் தேய்த்துத் தேய்த்துப் போகும் நடை இல்லை. முட்டி மடங்கி, குதிகால் பதிந்து, தோள் லேசாக ஆட, சின்னப்பொண்ணுவின் பாடைக்குப் பின்னால் நடந்தார். வாலிபத்தில் சாவுக்கு ஆடுவதில் பேர் எடுத்த மனுஷன் அவர். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் யார் செத்தாலும் முன்னால் ஆட இவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"யோவ், நில்லுய்யா. எங்கய்யா போறே?"

"நில்லுன்னு சொல்லாதேடி. நடந்துகினு கீறேன்."

தெரு முடிகிற இடத்தில் ஒரு மின்கம்பம். சுடுகாட்டுப் பாதையில் பெண்கள் அதைத் தாண்டக் கூடாது. வச்சலா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவர் தாண்டிப் போனார். சவுக்குத் தோப்பின் வளைவில் அவர் முதுகு மறைந்தது. மேளம் மட்டும் கேட்டது. அவள் தன் மூச்சை அந்த மேளத்தோடு எண்ணிக்கொண்டிருந்தாள். பிறகு மேளம் நின்றது.

திரும்பி வருகிற ஒவ்வொரு ஆளின் முகத்தையும் பார்த்தாள். கடைசியில் நான்கு பேர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்துத் தூக்கி வந்தார்கள்.

"மேளத்தை நிறுத்தினோம், இவரும் நின்னுட்டாரு. தள்ளிப் பாத்தோம், அசையல."

ஜெகதாம்பாள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"பொணத்துப் பின்னாலயே நடந்தாராமே. மூணு வருஷமா நடக்காத மனுஷன்."

"ஆமா."

"சின்னப்பொண்ணு போவும்போது தொணைக்கு ஆள் கூப்பிட்டுகினு போயிருக்கா. நான் சொல்றேன்னு நினைக்காதே. ஜாக்கிரதையா இரு."

"சொல்லிட்டு நினைக்காதேன்னா எப்படிக்கா?"

அன்றைக்குச் சாயங்காலம் வச்சலா அவருக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு, கற்பூரம் சுற்றிப் போட்டு, வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கினாள். பக்தவச்சலம் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

"எவ்ளோ தூரம் நடந்தேன் தெரியுமா? முந்நூறு எட்டு வச்சிருப்பேன்."

"பேசாம இருய்யா."

"அந்த மேளம் எங்கனா போன்ல கெடைக்குமா?"

"வூட்டுக்குள்ள அதைப் போட்டா நான் வெளிய போயிடுவேன். ஒண்ணு அது, இல்லாட்டி நான்."

* * *

செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கிற பெண்ணின் பெயர் ஜெஸ்ஸி. நாகர்கோவில் பக்கத்துப் பெண். அவள்தான் போனில் டொக் டொக் என்று சத்தம் வரும் ஒன்றைப் போட்டுக் கொடுத்து, அதற்கு நடக்கச் சொல்லியிருந்தாள்.

"அந்தச் சத்தத்துக்கு நடந்தீங்களா ஐயா?"

"குழா சொட்டுற மாதிரி கீதும்மா அது. நடக்கத் தோணல. எழுந்து போயி குழாயை மூடத்தான் தோணுது. அதுக்கும் நடக்கணுமே."

ஜெஸ்ஸி சிரித்தாள். வச்சலா சிரிக்கவில்லை. சின்னப்பொண்ணு விஷயத்தை அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஜெஸ்ஸி பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டாள்.

"அம்மா, நடக்கறதுக்குன்னு மூளைக்குள்ள ஒரு மேளக்காரன் இருக்கான்னு வச்சுக்கோங்க. நமக்கெல்லாம் அவன் பாட்டுக்கு அடிச்சுக்கிட்டே இருக்கான். அவன் இருக்கறதே நமக்குத் தெரியாது. ஐயாவுக்கு அவன் நடுநடுவுல கையை நிறுத்திடறான். அப்ப வெளியில ஒரு மேளம் கேட்டா, காது அதை நேரா காலுக்குச் சொல்லிடும். கால் போயிடும்."

"அப்ப சாமி மேளம் கேட்டா போவக் கூடாதா? சினிமாப் பாட்டு கேட்டா?"

"போகலாம். எது உடம்புல ரொம்ப ஊறியிருக்கோ அதுக்கு நல்லாப் போகும். ஐயா எதுக்கு ரொம்ப ஆடியிருக்கார்?"

பக்தவச்சலம் சொன்னார்.

"என் கல்யாணத்துக்குக்கூட நான் ஆடலம்மா. சாவுக்குத்தான்."

"அப்ப அதையே போடுங்க."

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டாள் வச்சலா.

"ஆயிடுச்சு."

"உன் வூட்டுக்காரருக்கு நீ சாவு மேளம் போடுவியா?"

ஜெஸ்ஸி பேனாவை மேஜையில் வைத்தாள்.

"தெரியலம்மா. ஆனா இன்னொரு தடவை விழுந்தா இடுப்பு எலும்பு போயிடும். இந்த வயசுல, இந்த வியாதில, இடுப்பு போனா படுக்கைதான். படுத்தவங்க எழுந்து நான் அதிகம் பார்த்ததில்ல. உங்க பயம் ஒரு பக்கம் இருக்கு. என் பயத்தையும் சொல்லிட்டேன்."

* * *

வச்சலா வேறு எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாள். அம்மன் கோயில் தீமிதிக்கு அடிக்கும் மேளத்தைப் போட்டாள். அவர் இரண்டு எட்டு வைத்துவிட்டு, "இது வேகமா ஓடுதுடி, நான் பின்னாடி விழுறேன்" என்றார். சினிமாப் பாட்டுக்கு நின்ற இடத்திலேயே தலையாட்டினார். கடலோரம் கூட்டிப் போய் நிறுத்தி, அலைச் சத்தத்துக்கு நடக்கச் சொன்னாள்.

"அலை எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? ரெண்டு சீக்கிரமா வரும், ஒண்ணு யோசிச்சிகினு வரும். படகு தள்ளச் சொல்லு, தள்ளிடுவேன். நடக்கச் சொல்லாதே."

அடுத்த வெள்ளிக்கிழமை குளியலறை வாசலில் ஒட்டிக்கொண்டார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் விழுந்தார். இடுப்பு தப்பியது. வாளியின் விளிம்பு விலாவைக் கிழித்திருந்தது. ரத்தத்தைத் துடைக்கும்போது அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் காலை திருப்போரூர் பஸ் ஏறினாள்.

சின்னப்பொண்ணு சாவுக்குச் சட்டி அடித்த சரவணகுமார் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். முப்பது வயது ஆள். அவளைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டான்.

"யாரு வூட்லக்கா?"

"யாரு வூட்லயும் இல்ல தம்பி."

"அப்ப இன்னாத்துக்கு வந்தே? எங்க வூடு தேடி யாரும் சும்மா வர மாட்டாங்களே."

அவள் சொன்னாள். அவன் கேட்கக் கேட்கத் தலையை ஆட்டி மறுத்துக்கொண்டே இருந்தான்.

"உயிரோட கீறவங்களுக்கு அடிக்க மாட்டோம்கா. எங்கப்பா அடிச்சதில்ல, நானும் அடிச்சதில்ல. கல்யாணத்துக்கு வேற அடி, சாவுக்கு வேற அடி. மாத்தி அடிச்சா குச்சி நம்ம வூட்டுக்கே திரும்பும்னு சொல்லுவாங்க."

"உனக்குப் பயமா?"

"எனக்கு ரெண்டு பொண்ணு கீதுக்கா."

உள்ளேயிருந்து அவன் பெண்டாட்டி டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். பாதி டீயில் வச்சலா கேட்டாள்.

"எட்டு அடில எது தம்பி சாவுக்கு? எல்லாமேவா?"

"ஏழும் தூக்குறவங்க நடக்குறதுக்கு. எட்டாவதுதான் போறவங்களுக்கு. கிளம்பு, வான்னு கூப்புடறது."

"அதை வுட்டுட்டு அடி."

"வுட்டா நொண்டும்."

"நொண்டட்டும். நொண்டினாலும் நடந்தா போதும். கூப்புடறதை மட்டும் கூப்புடாதே."

சரவணகுமார் விரலால் தொடையில் ஏழு தட்டி, எட்டாவதில் விரலைத் தூக்கிப் பிடித்தான். மறுபடியும் தட்டினான். அவன் முகம் கொஞ்சம் இளகியது.

"எட்டு இல்லன்னா அது சாவு மேளமே இல்லக்கா. எதுவுமே இல்ல அது. அப்ப நான் அடிக்கலாம்."

வீட்டில் வைத்து அடிக்கவில்லை. ஏரிக்கரைக்குப் போய், ஒற்றைச் சட்டியில் அரை மணி நேரம் அடித்து அவள் போனில் பதிந்து கொடுத்தான். எட்டாவது இடம் வரும்போதெல்லாம் அவன் குச்சி தானாகக் கீழே வரப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினான்.

* * *

பக்தவச்சலம் அதற்கு நடந்தார். கட்டிலிலிருந்து அடுப்படிக்கு, அடுப்படியிலிருந்து வாசலுக்கு. ஏழு காலடி சரளமாக வரும். எட்டாவதில் தூக்கிய கால் அப்படியே அந்தரத்தில் நின்று, இறங்கலாமா என்று யோசித்து, பிறகு இறங்கும். பத்து நாள் விழவில்லை. ஆனால் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார்.

"இதுல ஒண்ணு குறையுதே."

"ரெக்கார்டு சரியா வரல."

"யாருகிட்ட கதை வுடறே? நாப்பது வருஷம் இதுக்கு ஆடினவன் நான். எட்டாவதை எடுத்துட்டீங்க."

"எடுத்தா இன்னா? நடக்குறே இல்ல."

"படியிறங்கும்போது ஒரு படி இல்லாத மாதிரி கீதுடி. ஒவ்வொரு தடவையும் வயிறு போயி வருது."

"எனக்கு மட்டும் போவாம கீதுன்னு நினைக்கிறியா? பழகிக்கோய்யா."

பதினைந்தாம் நாள் செங்கல்பட்டுக்குக் கூட்டிப் போனாள். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நீளமான ஆஸ்பத்திரி வராந்தாவில் ஜெஸ்ஸியின் முன்னால் நடந்து காட்டினார். ஜெஸ்ஸி முதலில் கைதட்டப் போனாள். பிறகு கையை இறக்கிக்கொண்டு, அவர் காலையே பார்த்தாள்.

"ஏழுக்கு அப்புறம் ஏன் நிற்கிறார்?"

வச்சலா காரணம் சொன்னாள்.

"அம்மா, அந்த இடைவெளி இருக்கே, அங்கதான் அவர் மூளையில இருக்கற ஆளும் கையை நிறுத்தறான். நீங்களும் அங்கேயே நிறுத்தினா யார் காலைத் தூக்குவா? வீட்டுக்குள்ள பரவாயில்ல. வெளியில சத்தம், அவசரம், பதற்றம் இருந்தா அந்த இடத்துல அப்படியே நின்னுடுவார். எட்டாவதும் வேணும்."

"அடுத்த தடவை பாக்கலாம்மா."

"இழுக்க மட்டும் இழுக்காதீங்க. நின்னுட்டா இழுத்தீங்கன்னா விழுந்துடுவார்."

மாமல்லபுரம் வந்து பஸ் மாறி, குப்பத்து நிறுத்தத்தில் இறங்கும்போது மணி நாலு. வடக்கே போகிற பஸ் சாலையின் மேற்கு ஓரத்தில் இறக்கிவிடும். குப்பம் கிழக்கே. குறுக்கே கடக்க வேண்டும். காலையில் போகும்போது கடக்கிற வேலை இல்லை.

சனிக்கிழமை. சென்னையிலிருந்து கார்கள் மாமல்லபுரத்துக்கு வரிசையாக வந்துகொண்டிருந்தன. வச்சலா போனைப் போட்டாள். சத்தத்தை முழுசாக வைத்து அவர் பையில் போட்டாள். ஒயர் கூடையை முழங்கையில் மாட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் கையைக் குறுக்கே நீட்டியபடி இறங்கினாள்.

முதல் பாதி நன்றாகப் போனது. நடுத்திட்டின் இடைவெளி வரைக்கும் வந்துவிட்டார்கள். இரண்டாவது பாதியில் ஐந்தாறு எட்டு வைத்திருப்பார். ஒரு கார் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு அவர் முன்னால் வளைந்து போனது. அந்த ஹாரன் முடிந்த இடம் எட்டாவது அடி இருக்க வேண்டிய இடம்.

கால் நின்றது.

"நடய்யா."

"தோ."

"ஏழு அடிக்குது பாரு. புடிச்சிக்கோ."

"புடிக்கிறேன். போவுறதுக்குள்ள வுட்டுடுதுடி."

போன் ஏழு அடித்தது, விட்டது. ஏழு அடித்தது, விட்டது. ஒவ்வொரு தடவையும் அவர் குதிகால் அரை விரற்கடை எழும்பி, வெற்றிடம் வந்ததும் இறங்கியது. அவர் உடம்பு முழுக்க நடுங்கத் தொடங்கியிருந்தது. வச்சலா வடக்கே பார்த்தாள். ஒரு தண்ணீர் லாரி வலது ஓரமாக வந்துகொண்டிருந்தது. இடது பக்கம் கார்கள். லாரிக்கு ஒதுங்க இடமில்லை. அவள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். லாரி ஹாரன் அடித்ததே தவிர, வேகம் குறைந்த மாதிரி தெரியவில்லை.

கையைப் பிடித்து இழுத்துவிடலாமா என்று தோன்றியது. இழுத்தால் லாரியின் முன்னால்தான் விழுவார்.

"வச்சலா, நீ ஓரம் போ."

"சும்மா இருய்யா."

"போன்னு சொல்றேன் இல்ல. ஒருத்தர் போதும். எழிலுக்கு ஒருத்தராவது வேணும்."

மகள் பேரை அவர் சொன்னதும் அவள் கூடைக்குள் கைவிட்டாள். எவர்சில்வர் சோற்று டப்பா கையில் தட்டுப்பட்டது. போன் ஐந்து அடித்தது, ஆறு அடித்தது. இதை யார் அடித்தாலும் பெண்டாட்டி அடிக்கக் கூடாது, பெண்டாட்டி கூப்பிட்டால் போய்விடுவார் என்று உள்ளுக்குள் ஒரு குரல் கத்தியது. ஏழு அடித்தது.

எட்டாவதை அவள் அடித்தாள்.

முஷ்டியால் டப்பாவின் அடிப்பக்கத்தில் ஓங்கி ஒன்று. அவர் கால் எழுந்து முன்னால் விழுந்தது. எழுந்த வேகத்தில் உடம்பு குனிய, பையிலிருந்து போன் நழுவிச் சாலையில் விழுந்தது. குனிந்து எடுக்க அவகாசமில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவளே அடிக்கத் தொடங்கினாள். பின்னோக்கி நடந்தபடி, அவர் காலைப் பார்த்துக்கொண்டே அடித்தாள். எட்டாவதை ஒவ்வொரு தடவையும் ஓங்கியே அடித்தாள். லாரி அவர் முதுகுக்குப் பின்னால் போன காற்றில் வேட்டி படபடத்தது. போன் நொறுங்கிய சத்தத்தை அவள் கேட்டாள்.

மண் ஓரத்தில் கால் வைத்த பிறகும் நிறுத்தவில்லை.

"போதும், மூச்சு வாங்கிக்கோ."

"நிறுத்தினா நீ நின்னுடுவே. கூட்டிப் போக ஆள் இல்ல. வூட்டுக்குப் போயி மூச்சு வாங்கலாம்."

குப்பத்துக்குள் திரும்பினார்கள். முதல் தெருவில் மீன் ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் தலையைத் தூக்கினார்கள். ஒருத்தி எழுந்து கையைக் கழுவினாள். இன்னொருத்தி எட்டிப் பார்த்து, பாடையைத் தேடினாள். பாடை இல்லை. பக்தவச்சலம்தான் நிமிர்ந்து நடந்து வந்தார். பெண்டாட்டி அவருக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டு, டப்பாவில் சாவு மேளம் அடித்துக்கொண்டு வந்தாள். தலைமுடி அவிழ்ந்து தோளில் கிடந்தது. அதை முடிந்துகொள்ளக்கூட அவள் நிற்கவில்லை.

முதல் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. அடுத்த வீடு. அதற்கடுத்தது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அந்த அடி காதில் விழுந்தால் அவர்கள் கை தாழ்ப்பாளுக்குப் போகும், அவ்வளவுதான். வச்சலாவின் கையும் இத்தனை வருஷம் போனதுதானே. தெரு முழுக்க அவர்களுக்கு முன்னால் கதவுகள் அடைபட்டுக்கொண்டே போயின.

"இன்னாடி, எல்லாரும் சாத்துறாங்க."

"பாக்காதே. காலைப் பாரு."

"எனக்குச் சாத்துறதை நானே பாக்குறேன். எவனுக்குக் கெடைக்கும் இது."

"வாயை மூடுய்யா. கும்புடறேன்."

தங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததும்தான் அவளுக்கு விளங்கியது. நிலைப்படி. அவருக்கு எல்லா இடத்தையும்விட மோசமான இடம். இந்த மேளம் வீட்டிலிருந்து வெளியே போகிற மேளம். எந்த வீட்டுக்குள்ளும் அது இதுவரை நுழைந்ததில்லை. அவள் வீட்டில் சாமி மாடம் வாசலுக்கு நேரே இருந்தது. அடித்துக்கொண்டே உள்ளே போனால் அதைக் கூட்டிக்கொண்டு போவது அவள்தான். நிறுத்தினால் அவர் படியில் நிற்பார், நிற்க முடியாமல் விழுவார். கால்கள் ஏற்கெனவே துவண்டுகொண்டிருந்தன.

ஐந்து, ஆறு, ஏழு. அவள் பின்பக்கமாகவே படியேறி உள்ளே போனாள். எட்டாவது அடி வீட்டுக்குள் விழுந்தது. அவர் படி தாண்டினார்.

* * *

கட்டிலில் சாய்த்துவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். முஷ்டி வீங்கி, தோல் உரிந்திருந்தது. அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏறியது. இறங்கியது. ஒவ்வொன்றையும் பார்த்தாள்.

"இன்னா பாக்குறே?"

"ஒண்ணும் இல்ல."

"கீறேன்டி."

வாசலில் ஜெகதாம்பாளின் குரல் கேட்டது. படிக்கு ஒரு முழம் தள்ளியே நின்று, போனைக் கைநீட்டிப் பிடித்திருந்தாள்.

"எழிலு பேசுது. உன் போனுக்குப் போட்டுப் போட்டு எடுக்கலயாம். அதுக்கு யாரோ சொல்லிட்டாங்களாம், உங்க வூட்ல மேளம் அடிக்குதுன்னு. மறைமலை நகர்லேருந்து கிளம்பிட்டுதாம். அழுதுகினே கீது."

வச்சலா போனை வாங்கினாள். மறுமுனையில் வார்த்தையே இல்லை, விம்மல் மட்டும்.

"எழிலு, அழாதே. அப்பா கீறாரு."

"பொய் சொல்லாதம்மா. நான் வர வரைக்கும் எடுக்காதீங்க."

"தோ, அவருகிட்டயே தரேன்."

பக்தவச்சலம் போனைக் காதில் வைத்துக்கொண்டார். அந்தச் சின்னக் குரலில் நிதானமாகப் பேசினார்.

"இன்னாம்மா. ஆமா, நான்தான். ரோட்டுலேருந்து வூடு வரைக்கும் நடந்தேன். உங்கம்மாதான் அடிச்சா. எட்டும் அடிச்சா. வா, வந்து பாரு. அவசரப்படாம வா, ரோட்டுல வண்டி அதிகம்."

ஜெகதாம்பாள் இன்னும் அங்கேயே நின்றாள். போனைத் திரும்ப வாங்கும்போது விரல் வச்சலாவின் மேல் படாமல் வாங்கினாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா எடுத்துக்காதே."

"கேளு."

"நான் இப்ப உள்ள வந்து அவரைப் பாக்கணும். பாத்துட்டுப் போனா தலைக்கு ஊத்திக்கணுமா, வேணாமா?"

வச்சலா யோசித்தாள். அவளுக்கும் தெரியவில்லை. தான் குளிக்க வேண்டுமா, விளக்கேற்றலாமா என்பதுகூடத் தெரியவில்லை. இதற்கு யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

"உன் இஷ்டம்கா."

"இனிமேல்ட்டு தெனமும் இதானா?"

"நடக்கணும் இல்ல."

ஜெகதாம்பாள் உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை.

"வச்சலா," என்று கட்டிலிலிருந்து கூப்பிட்டார். "பின்பக்கம் போவணும்."

"கொஞ்சம் பொறுய்யா."

"பொறுக்குற விஷயம் இல்லடி."

அவரைத் தூக்கி நிறுத்தினாள். பாதங்கள் தரையில் ஒட்டிக்கொண்டன. டப்பாவை எடுத்தாள். கை உயர்ந்து, உயர்ந்த இடத்திலேயே நின்றது. அவர் அந்தக் கையைப் பார்த்தார், பிறகு அவள் முகத்தை.

"பயமா கீதா?"

"ஆமா."

"எனக்குந்தான். அடி."